வேகாத நூல்

தென்காசி
1987 ஜூன், சாரல் விழத் தொடங்கிய வாரம்

அன்புள்ள தம்பி சுடலையாண்டிக்கு,

அக்கா சொக்கம்மாள் எழுதுவது. இங்கே யாவரும் சுகம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது. இந்தத் தடவை பாதி சுகம் என்று எழுதுகிறேன். மீதிப் பாதியைக் கடைசியில்தான் சொல்வேன். முதலிலேயே சொல்லிவிட்டால் நீ மற்றதையெல்லாம் படிக்காமல் தாண்டிப் போய்விடுவாய், உன் குணம் எனக்குத் தெரியாதா?

சாரல் இறங்கிவிட்டது. செங்கோட்டைப் பக்கத்து மலையைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. மழை என்று சொல்லவும் முடியாது, வெயில் என்று சொல்லவும் முடியாது. காற்றே ஈரமாக வந்து முகத்தில் உட்கார்ந்துகொள்கிறது. நம் சாயப்பட்டறையில் மூங்கில் கழிகளில் போட்ட நூல் காயவே மாட்டேன் என்கிறது. சிவப்பும் நீலமும் சொட்டிக்கொண்டு அப்படியே தொங்குகின்றன. அந்தக் கழிகளுக்கு நடுவில் நடந்தால் நான் எங்கே இருக்கிறேன் என்பதே சில சமயம் மறந்துபோகிறது. வேலை இல்லாத நாட்கள், அதனால் உன் அத்தானுக்குக் கொண்டாட்டம். நம்மிடம் நூல் வாங்கித் தறி ஓட்டுகிற முகம்மது மீரான் அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, தினமும் குற்றாலத்துக்குப் போய் அருவியில் நிற்கிறார். வரும்போது மங்குஸ்தான் வாங்கி வருகிறார். நான் ஒன்றை உடைத்தால் உன் பங்கு என்று இன்னொன்றை எடுத்து வைக்கிறார். அது அப்படியே கிடந்து காய்ந்து போகிறது.

கடல் தாண்டி அங்கே ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் உன்னை 'ஆண்டி' என்று கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு உன் அத்தான் வயிறு வலிக்கச் சிரித்தார். "பொருத்தமான பேருதான்ட்டி, கல்யாணமும் கிடையாது, ஊருக்கு வாரதும் கிடையாது" என்றார். சிரித்து முடித்ததும் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்தார்.

சரி, மீதிப் பாதிக்கு வருகிறேன். வைகாசியில் ஒருநாள் காலை, கொல்லைக் கல்லில் சிவப்பாக ஓடியிருந்தது. எங்கள் வீட்டில் கொல்லையில் சிவப்பு ஓடுவது ஒரு செய்தியா? சாயம் கழுவிய தண்ணீர் என்று நான் வாளியைக் கவிழ்த்துவிட்டு வந்துவிட்டேன். பிறகு பார்த்தால், பட்டறையில் நீலம் மட்டும் போட்ட நாட்களிலும் சிவப்பு. கேட்டேன். "நானும் பார்த்தேன், சாயந்தான். நகத்துல ஒட்டுனது கழுவையில போகுது" என்றார். நகத்திலிருந்து போகிற சாயம் ஏன் வேட்டியில் இருக்கிறது என்று நான் பிடித்துக்கொண்டேன். அப்புறம்தான் ஒத்துக்கொண்டார். சிறுநீரில்தான் போகிறது, பங்குனியிலிருந்தே போகிறது, வலி ஒன்றும் கிடையாது, அதனால் சொல்லவில்லை என்றார். எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த செம்பை வீசிவிட்டேன். நல்லவேளை, சுவரில் பட்டது.

சிவப்பிலேயே புழங்குகிறவர் உடம்பில் சிவப்பு வந்தால் யாருக்குத் தெரியும், சொல்லு.

உடம்புச் சூடு என்கிறார். அருவியில் நின்றால் தணியும் என்கிறார். ஆஸ்பத்திரி என்றேன். "குற்றாலத்துச் சாமிக்கே சாரல் ஆகாம இருக்கக் கஷாயந்தான் குடுக்காங்க, எனக்கு எதுக்குட்டி ஆஸ்பத்திரி" என்கிறார். அதிசயம் என்னவென்றால், அருவிக்குப் போகத் தொடங்கிய பிறகு அது நின்றுவிட்டது. தெளிவாகப் போகிறது என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டாத குறைதான். மீரான் அண்ணாச்சி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

நீ சிறுநீர்ப் பையின் உள்தோலைத்தானே இத்தனை வருஷமாகக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறாய்? நின்றது நின்றதுதானா என்று ஒரு வார்த்தை எழுது. அது போதும், நான் நிம்மதியாகத் தூங்குவேன். உடம்பைப் பார்த்துக்கொள், சாப்பாட்டில் குறை வைக்காதே.

உன் அக்கா
சொக்கம்மாள்


தென்காசி
ஆடி மாதம்

அன்புள்ள சுடலை,

உனக்கு ஆசி கூறித் தொடங்க வேண்டும். ஆனால் உன் மேல் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. ஆத்திரத்தை முதலில் எழுதிவிட்டு ஆசியைக் கடைசியில் வைக்கிறேன்.

உன் கடிதம் வந்தது. 'நின்றது நின்றதல்ல, இந்த வியாதியில் ரத்தம் வந்துவந்து மறையும், அருவியால் நிற்கவில்லை, உடனே குழாய் விட்டு உள்ளே பார்க்கிற டாக்டரிடம் போகவும்' என்று எழுதியிருந்தாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். அத்தானுக்குப் புரியட்டும் என்று பின்னாலேயே மூன்று பக்கம் பாடம் எழுதினாய் பார், அதில்தான் வந்தது வினை.

உன் பாடத்தை நான் சத்தமாகப் படித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எல்லோருடைய சிறுநீரிலும் 'வளர், வளர்' என்று சொல்கிற நுண்ணிய பொருள் ஒன்று கரைந்து வருகிறது, ஆனால் பையின் உள்தோல் நெருக்கிப் பாவியிருப்பதால் அது உள்ளே புகாது. காயம் பட்டால் மட்டும் கசிந்து அடியில் இறங்கும். அங்கே அடியில் இருக்கிற செல்களுக்கு வாசல்கள் உண்டு. அந்தப் பொருள் வாசலைத் தொட்டதும் வாசலும் அதுவும் சேர்ந்தே ஒரு குழியாக உள்ளே அமிழ்ந்துவிடும். உள்ளே ஒரு சின்னப் பையாகி மிதந்து போகும். போகிற வழியெல்லாம் செய்தியைச் சொல்லும், கடைசியில் வாசலும் வந்த பொருளும் இரண்டுமே உள்ளேயே கரைந்துவிடும். காயம் ஆறும், சத்தம் அடங்கும். இப்படியெல்லாம் எழுதியிருந்தாய்.

எனக்கு அது கதை மாதிரி இருந்தது. அன்று மத்தியானம் சற்றுக் கண்ணயர்ந்தபோது கனவு கூட வந்தது. வழவழப்பான கல் பாவிய பெரிய கூடம், மேலே சாரல் தூவிக்கொண்டே இருக்கிறது, ஒரு துளி கூடக் கல்லுக்குள் இறங்கவில்லை. எங்கேயோ ஓரிடத்தில் ஒரு கல் பெயர்ந்திருக்கிறது. அங்கே மட்டும் துளிகள் இறங்குகின்றன. கீழே வாசல்கள் சத்தமில்லாமல் துளியை வாங்கிக்கொண்டு தாமும் உள்ளே போய்விடுகின்றன. பயமாகவே இல்லை. விழித்த பிறகுதான் அது யார் உடம்பு என்று நினைத்து எழுந்து உட்கார்ந்தேன்.

உன் அத்தான் என்ன விளங்கிக்கொண்டார் தெரியுமா? வளரச் சொல்கிற பொருள் தண்ணீரில்தானே வருகிறது, தண்ணீரே குடிக்காவிட்டால் அது எப்படி வரும் என்று! என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. நான் வைக்கிற செம்புத் தண்ணீரை முருங்கை மரத்துக்கு ஊற்றியிருக்கிறார். மரம் அப்படித் தழைத்தது, ஆடிக் காற்று என்று நினைத்தேன். பட்டறை அடுப்பில் கொதிக்கிற சாயத்தொட்டி முன்னால் நின்றுகொண்டு, உதடு வெடித்து, அதோடு ஐந்தருவிக்கும் போயிருக்கிறார். அருவியில் நிற்கும்போதே கால் மடங்கியது. மீரான் அண்ணாச்சி தலைமுடியைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் நான் உனக்கு இந்தக் கடிதத்தை எழுதமாட்டேன், தந்தி கொடுத்திருப்பேன்.

எவ்வளவு தண்ணீர் விழுகிற இடம் அது, அங்கே போய் தாகத்தில் விழுந்திருக்கிறார் மனுஷன்.

இங்கே டாக்டர் பாட்டில் ஏற்றினார். தண்ணீர் வற்றிப்போன உடம்பு என்று திட்டினார். பாட்டில் இறங்கிய பிறகு போன சிறுநீரில் மறுபடியும் சிவப்பு, இந்தத் தடவை கட்டி கட்டியாக. உன் அத்தானே பார்த்தார். இது சாயம் என்று சொல்லவில்லை.

திருவனந்தபுரம் போகச் சொல்லி டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். இவர் மாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். "உன் தம்பி எலிக்கு வைத்தியம் பாக்குதவன், மனுசன் சங்கதி அவனுக்கு என்ன தெரியும். வாசலாம், குழியாம், பையாம். வீட்டு வாசலை மறந்தவன் எனக்கு வாசலைப் பத்தி எழுதுதான்" என்கிறார். வியாதியைவிட அதுதான் அவருக்கு உள்ளே உறுத்துகிறது. நான் எவ்வளவு சொன்னாலும் என் சொல் ஏறாது. நீ எழுது. ஆனால் பாடமாக எழுதாதே. அவருக்கு எழுதுகிற மாதிரி எழுது. தாமதிக்காதே, தம்பி. அவர் வேட்டியைத் துவைக்கிறவள் நான், எனக்குத் தெரிகிறது.

ஆத்திரம் தீர்ந்துவிட்டது. நீ நூறு வருஷம் நன்றாக இரு.

சொக்கம்மாள்


தென்காசி
ஆவணி முடிகிற சமயம்

என் தம்பிக்கு,

போய்விட்டு வந்தோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். குழாய் விட்டுப் பார்த்து, பைக்குள் முளைத்திருந்த கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். வீட்டில்தான் இருக்கிறார். கஞ்சி குடித்துவிட்டு, கஞ்சியில் உப்பில்லை என்று சண்டையும் போட்டார்.

எல்லாம் உன் இரண்டாவது கடிதத்தால் நடந்தது. தபால்காரர் கொடுத்தபோது மீரான் அண்ணாச்சியும் இருந்தார். மேலே 'அத்தானுக்கு' என்று இருந்ததால் நான் பிரிக்கவில்லை. அவரே பிரித்தார். கண்ணாடி தேடி மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு என்னிடம் கொடுத்து, சத்தமாகப் படி என்றார்.

'மில்லிலிருந்து வருகிற நூலை வேகவைக்காமல் சாயத்தில் முக்கினால் என்ன ஆகும்? நூலில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறவரை சாயம் மேலோடு வழிந்து ஓடிவிடும், நூல் வெள்ளையாகவே நிற்கும். நல்ல உள்தோல் அந்த வேகாத நூல் மாதிரி. வளரச் சொல்கிற பொருள் சுற்றி நின்றாலும் ஏறாது. உங்களுக்கு எங்கேயோ ஓரிடத்தில் நூல் வெந்துவிட்டது அத்தான். அந்த இடத்தில் வாசல்கள் அடியில் மட்டும் இல்லாமல் தண்ணீரைப் பார்த்த பக்கத்திலும் முளைத்திருக்கலாம். அப்படியானால் அது எந்நேரமும் சாயத்தொட்டியில் கிடக்கிற நூல். ஏறிக்கொண்டே இருக்கும். தொட்டியில் தண்ணீரைக் குறைத்தால் சாயம் போய்விடுமா, கெட்டிப்படுமா? நீங்கள்தானே எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள்?' என்று எழுதியிருந்தாய்.

"கெட்டிப்படும்" என்று இவர் பதில் சொன்னார், நீ எதிரே நிற்கிற மாதிரி. அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "அவன் பட்டறையை மறக்கலைட்டி" என்றார். மீரான் அண்ணாச்சி எழுந்து நூல் பார்க்கிற மாதிரி வெளியே போய்விட்டார். எனக்கு வந்த அழுகையை நான் மறைக்கவில்லை. எதற்கு மறைக்க வேண்டும்?

மறுநாளே கிளம்பினோம். செங்கோட்டையில் ரயில் ஏறினோம். மலையைக் குடைந்த குகைகளுக்குள் வண்டி நுழையும்போதெல்லாம் பெட்டி இருண்டுவிடும், பக்கத்தில் இருக்கிறவர் முகம் தெரியாது, கை மட்டும் இருக்கும். வெளியே வந்தால் ஒரேயடியாகப் பச்சை, மேகம் சன்னலுக்குள் வந்து போகிறது. நாங்களே ஏதோ ஒரு உடம்புக்குள் விழுங்கப்பட்டுப் போய்க்கொண்டிருக்கிறோமோ என்று தோன்றியது. உன் பாடம் என்னை அப்படி ஆக்கிவிட்டது. இவர் சன்னலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்துகொண்டு இந்தப் பாதையில் வரவேயில்லையே என்றார்.

ஆஸ்பத்திரி டாக்டர் அம்மாள் நல்ல மாதிரி. மலையாளம் கலந்த தமிழில் பொறுமையாகப் பேசினார். என்ன தொழில் என்று கேட்டார். சாயப்பட்டறை என்றதும் எழுதுவதை நிறுத்தி, பொடியைக் கையாலேயா கலக்குகிறீர்கள், எத்தனை வருஷமாக என்று கேட்டார். பீடி உண்டா என்றும் கேட்டார். இவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். அந்தப் பொடியும் பீடியும் இந்த வியாதியைக் கொண்டுவரும் என்றார் அம்மாள்.

நீ இரண்டு கடிதத்திலும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று எனக்குப் புரிகிறது. அந்தச் சாயக் காசில்தான் நீ படித்தாய். அதை நினைத்து நீ அங்கே தனியாக உட்கார்ந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நாங்கள் மனசார ஊட்டினோம், நீ மனசாரச் சாப்பிட்டாய், அவ்வளவுதான். இவருக்கும் இப்போது தெரியும். ரப்பர் உறை போட்டுக்கொண்டுதான் தொட்டியில் கை வைக்கிறார். விரல் எல்லாம் வெள்ளையாகிக்கொண்டு வருகிறது. வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி இருக்கிறது எனக்கு.

வேர் எவ்வளவு ஆழம் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, திரும்ப வருமா என்று இப்போதே சொல்ல முடியாது, விடாமல் வந்து காட்ட வேண்டும் என்றார் டாக்டர். ஆழமாக இருந்தால் பையையே எடுக்க வேண்டியிருக்குமாம். அதை இவர் காதில் விழாமல் வராந்தாவில் வைத்து என்னிடம் சொன்னார்கள். நான் உன்னிடம் சொல்கிறேன். வேறு யாரிடம் சொல்ல?

உனக்குத் துணையாகச் சாமி நிற்கட்டும்.

சொக்கம்மாள்


தென்காசி
ஐப்பசி, அடைமழை

அன்புத் தம்பி சுடலையாண்டிக்கு,

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பெட்டி வரும். பயந்துவிடாதே. பஞ்சில் சுற்றிய மெழுகுக்கட்டி ஒன்று இருக்கும். அதற்குள் இருப்பது உன் அத்தான்.

இது அவர் யோசனைதான். போன வாரம் மறுபடி காட்டப் போனபோது, நான் வாயைத் திறக்கும் முன்னே டாக்டர் அம்மாளிடம் அவரே கேட்டார். "நீங்க எடுத்த துண்டுல எனக்கும் கொஞ்சம் வேணும், என் மச்சினன் இதே படிப்புதான் படிக்கான், வாசல் எந்தப் பக்கம் இருக்குன்னு அவன் பார்த்துச் சொல்லுவான்" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வியாதியை யாராவது பலகாரம் மாதிரி பொட்டலம் கேட்பார்களா? ஆனால் அந்த அம்மாள் சிரிக்கவில்லை. உன் பெயரையும் ஆய்வுக்கூடத்தின் பெயரையும் விவரமாகக் கேட்டுக்கொண்டார். அந்தச் சோதனை இங்கே இன்னும் வரவில்லை, அவர் பார்த்துச் சொன்னால் எங்களுக்கும் உபயோகம், பையை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம் என்று சொல்லி முறைப்படி கடிதமும் வைத்துக் கொடுத்தார்.

திரும்பி வருகிற ரயிலில் அதை மடியைவிட்டு இறக்கவில்லை. ஒரு குகைக்குள் போகும்போது, அந்த இருட்டில் சொன்னார். "நான் செங்கோட்டையைத் தாண்டுனதே இப்பதான். இது பாரு, கடலைத் தாண்டப் போவுது. ஏட்டி, அவன் என் முகத்தைப் பாக்கதுக்கு முந்தி என் உள்ளுக்குள்ள பார்த்திருவான்" என்றார். வெளிச்சம் வந்தபோது சிரித்துக்கொண்டுதான் இருந்தார். உன்னைக் கோபித்துச் சொன்னது இல்லை அது.

இப்போது எனக்கு அதே கனவு அடிக்கடி வருகிறது. அதே கூடம், அதே சாரல். இப்போது அதில் நீ இருக்கிறாய். குனிந்து ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பார்த்துக்கொண்டு போகிறாய். நான் பின்னாலேயே வருகிறேன், கூப்பிட்டால் திரும்பமாட்டேன் என்கிறாய். கூடத்தின் கடைசியில் நின்று எதையோ பார்க்கிறாய். நீ திரும்புவதற்குள் நான் விழித்துவிடுகிறேன்.

இவர் இப்போது நன்றாகத்தான் இருக்கிறார். தெளிவாகப் போகிறது. தண்ணீர் குடித்ததை என்னிடம் வந்து சொல்கிறார். முருங்கை மரம் வாடிவிட்டது. மழை விட்டால் அருவிக்குப் போகலாமா என்று கேட்கிறார். வெள்ளம் வந்து அருவிப் பக்கமே யாரையும் விடவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ வந்தால் உன்னோடு போகலாம் என்றும் சொல்லிவிட்டேன். அது என் வாயில் தானாக வந்துவிட்டது.

சுடலை, நான் யோசித்து யோசித்து உனக்கு ஒன்று எழுத நினைத்தேன். கண்ணாடியில் பார்க்கும்போது வாசல்கள் அடியிலேயே அடங்கியிருந்தால் ஒரு வரி எழுதிப் போடு. அவை தண்ணீர்ப் பக்கம் முளைத்திருந்தால் எழுதாதே. அந்த மாதிரிச் செய்தியைத் தபால்காரர் கையிலிருந்து வாங்க எனக்குத் தெம்பு இல்லை. டாக்டர் அம்மாளுக்கு மட்டும் எழுதிவிட்டு நீயே கிளம்பி வந்துவிடு. இப்படித்தான் எழுத உட்கார்ந்தேன்.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். அப்படியானால் நம் வாசலில் நீ வந்து நிற்கிற அன்று, உன்னைப் பார்த்ததும் நான் அலறத்தானே வேண்டும்? பத்து வருஷமாக எந்த முகத்துக்காகக் காத்திருக்கிறேனோ, அந்த முகம் வரக்கூடாது என்று நான் சாமியிடம் கேட்க வேண்டுமா? அது என்னால் முடியாது அப்பா.

அதனால் மேலே எழுதியதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். இதை மட்டும் செய். நல்லதாக இருந்தாலும் வா. கெட்டதாக இருந்தாலும் வா. இரண்டுக்கும் ஒரே மாதிரி வா. வந்த அன்று ஒன்றும் சொல்லாதே, நானும் கேட்கமாட்டேன். உன் அத்தானுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, நீ ஒரு பக்கமும் மீரான் அண்ணாச்சி ஒரு பக்கமுமாகப் பிடித்துக்கொண்டு அருவிக்குக் கூட்டிப் போ. நனைந்துவிட்டு மூன்று பேரும் பசியோடு வாருங்கள். நான் சோறு வடித்து வைத்திருப்பேன். சாப்பிட்ட பிறகு சொல்.

கூடத்தின் கடைசியில் நின்றது போதும், திரும்பிப் பார், தம்பி. நீ நன்றாயிருப்பாய்.

உன்னை எதிர்பார்த்து,
அக்கா சொக்கம்மாள்